வீதி மூடினாலும் செய்தி போக வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. உலர் உணவு, வீடு திருத்துவது, கிணறு இறைப்பது, பிள்ளைகளுக்குக் கொப்பி என்று எல்லாம் பேசினோம். அல்ஹம்துலில்லாஹ், நிறைய வேலையும் நடந்தது. ஒரு விசயத்தை மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுக்கவில்லை. அந்த நாட்களில் காப்பாற்ற வந்தவர்களுக்கே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வழி இருக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2025 நவம்பர் 28ஆம் திகதி நடந்தது எல்லோருக்கும் தெரியும். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகக் கூடுதலான மரணங்கள் எமது கண்டி மாவட்டத்தில். உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. கடுகண்ணாவைப் பக்கம் கொழும்பு வீதி மூடப்பட்டது. கரண்ட் போனது, பின்னால் சிக்னலும் போனது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் "உம்மா, வாப்பா இருக்கிறார்களா இல்லையா" என்று தெரியாமல் அழுதார்கள். அந்தக் கவலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது வேறொன்று.

இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய ஒரு பாடசாலையில் பெண்கள் பகுதியைப் பார்க்கும் பொறுப்பு என்னிடமும் இன்னும் இரண்டு டீச்சர்மாரிடமும் இருந்தது. இரண்டாம் நாள் இரவு நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்கு வலி வந்துவிட்டது. ஐந்து பேரின் போன்களில் மாறி மாறி அடித்தோம். ஒன்றிலும் அழைப்புப் போகவில்லை. இரண்டு பையன்கள் சிக்னல் தேடி மழையில் மேட்டுக்கு ஏறினார்கள். கடைசியில் பக்கத்துச் சிங்கள ஐயா ஒருவர் தனது த்ரீவீலை எடுத்து, தோட்டப் பாதையால் சுற்றி அவரை வைத்தியசாலையில் சேர்த்தார். தாயும் பிள்ளையும் நலம்.

மறுநாள்தான் தெரிந்தது, வீதியில் மரம் விழுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்பியூலன்ஸ் அந்த நேரம் சும்மா நின்றிருக்கிறது. வேறொரு நோயாளியை ஏற்ற வந்து, போக வழியில்லாமல் நின்றது. எங்களுக்கும் அதற்கும் இடையில் சில கிலோமீட்டர்தான். அந்தச் சாரதிக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு அவரைத் தெரியாது. அவரது அலுவலகத்துக்கு இருவரையும் தெரியாது. மரம் வெட்ட வந்த படையினர் முதலில் வேறு வீதிக்குப் போயிருக்கிறார்கள், எந்த வீதி அவசரம் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. யாரிலும் பிழை சொல்ல முடியாது. எல்லோரும் வேலை செய்தார்கள், ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். அன்றிலிருந்து இந்த விசயம் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தேடி வாசித்தேன். வாசித்ததை வகுப்பில் சொல்வது போல இங்கே சொல்கிறேன்.

அனர்த்த நேரத் தொடர்பு மூன்று வகை. முதலாவது, மக்களிடமிருந்து உதவிக்குப் போகும் அழைப்பு. பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு 1990. இரண்டாவது, அரசிடமிருந்து மக்களுக்கு வரும் எச்சரிக்கை. சுனாமிக்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2009இல் டயலொக், மொரட்டுவைப் பல்கலைக்கழகம், மைக்ரோஇமேஜ் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய எச்சரிக்கை வலையமைப்பும் வந்தது. மூன்றாவது, காப்பாற்றுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. பொலிஸ், இராணுவம், அம்பியூலன்ஸ், தீயணைப்பு, வைத்தியசாலை, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், மண்சரிவைப் பார்க்கும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவர்கள் எல்லோரும் ஒரே வலையில் இருப்பது. முதல் இரண்டைப் பற்றி நாங்கள் அடிக்கடி பேசுகிறோம். மூன்றாவதை மறந்துவிடுகிறோம்.

பொலிஸிடமும் இராணுவத்திடமும் கையில் செட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல சாமான்தான். ஆனால் ஒரு திணைக்களத்தின் செட்டில் பேசுவது அடுத்த திணைக்களத்தின் செட்டில் கேட்காது. அதில் போவதும் பெரும்பாலும் குரல் மட்டும்தான். மலையில் வெடிப்புக் கண்டால் அதைப் படமெடுத்து அந்த இடத்திலிருந்தே நிபுணருக்கு அனுப்ப வேண்டும். எந்த வீதி திறந்திருக்கிறது என்பது எல்லாச் சாரதிகளின் வரைபடத்திலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். இதற்கு இன்டர்நெட் வேகம் தேவை. இன்று அதற்காக அவர்களும் எங்களைப் போலவே சொந்தப் போனையும் வட்ஸ்அப் குழுவையும்தான் நம்புகிறார்கள். எங்கள் சிக்னல் போனால் அவர்களுடையதும் போகும். சிக்னல் இருந்தாலும், ஊரே ஒரேயடியாக அழைப்பு எடுக்கும்போது அவர்களும் எங்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும்.

உலகத்தில் இதற்குத் தனி வலையமைப்பு என்ற யோசனை பெரிய இழப்புகளுக்குப் பிறகுதான் வந்தது. 2001 செப்டம்பர் 11இல் நியூயோர்க் கோபுரங்களில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். வெளியே வாருங்கள் என்ற கட்டளை உள்ளே இருந்த பலருக்குக் கேட்கவில்லை. மேலே ஹெலிகொப்டரில் இருந்த பொலிஸார் கண்டது கீழே இருந்த தீயணைப்பாருக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 2012இல் பர்ஸ்ட்நெட் என்ற தனி வலையமைப்புக்கு அமெரிக்கா சட்டம் போட்டது. 700 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையும் 700 கோடி டொலரும் ஒதுக்கினார்கள். 2017இல் ஏடிஅன்ட்டி நிறுவனத்திடம் 25 வருட ஒப்பந்தத்தில் வேலையைக் கொடுத்தார்கள்.

தென்கொரியாவில் 2014 ஏப்ரல் 16ஆம் திகதி செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பாடசாலைப் பிள்ளைகள். கரையோரக் காவல், பொலிஸ், தீயணைப்பு எல்லோரும் ஒரே வலையில் இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு தீர்மானித்து, 2021இல் நாடு முழுக்க முடித்துவிட்டார்கள். பிரித்தானியா 2015இல் தொடங்கியது. பழைய வானொலி முறையை 2019 முடிவில் நிறுத்தலாம் என்று நினைத்தார்கள். இன்னும் நிறுத்த முடியவில்லை, செலவோ ஏறிக்கொண்டே போகிறது. பணக்கார நாடாக இருந்தும் இப்படி.

எங்களைப் போன்ற மலைநாட்டுக்கு நெருக்கமான உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 30 வயநாடு மண்சரிவில், சூரல்மலையில் இருந்த பிஎஸ்என்எல் கோபுரத்தைக் கரண்ட் இல்லாமலே டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினார்கள். அவசர அவசரமாக 4ஜீ ஆகவும் உயர்த்திக் கொடுத்தார்கள். மீட்பு வேலைக்கு அது கைகொடுத்தது. ஒரு கோபுரம், ஒரு ஜெனரேட்டர், அதற்குப் பக்கத்தில் நின்ற நாலு பேர்.

அந்த 700 மெகாஹேர்ட்ஸ் ஏன் என்று என் தரம் 11 பிள்ளைகளுக்குத் தெரியும். அதிர்வெண் குறைந்தால் அலைநீளம் கூடும். அலைநீளம் கூடிய அலை மேட்டின் விளிம்பில் வளைந்து அந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் போகும், சுவருக்குள்ளும் கூடுதலாக நுழையும். பள்ளமும் மேடுமான எங்கள் தும்பறைப் பக்கத்துக்கு இது பொருத்தம். அமெரிக்காவில் பழைய அனலொக் தொலைக்காட்சியை 2009இல் நிறுத்தியதால்தான் அந்த இடம் காலியானது. நாங்களும் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு ஜப்பானின் முறையை 2014இல் தெரிவு செய்தோம். மாறி முடியவில்லை. அந்த மாற்றத்தை முடித்து, கிடைக்கிற அலைவரிசை முழுவதையும் ஏலத்தில் விற்காமல், ஒரு சிறு பகுதியை உயிர் காப்பதற்கென்று வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கலாம். 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அலைவரிசையைப் பகிர்கிற பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குத்தான். அலைவரிசை யாருடைய சொந்தச் சொத்துமல்ல. பொதுமக்களின் அமானிதம்.

இதற்காக நாடு முழுக்கப் புதிதாகக் கோபுரம் கட்டத் தேவையில்லை. எங்களிடம் அதற்குப் பணமும் இல்லை. டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் ஆகியவற்றின் கோபுரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றிலேயே மீட்புப் பணியாளருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். அம்பியூலன்ஸ் சைரன் போட்டு வந்தால் மஹியங்கனை வீதியில் பஸ்ஸும் லொறியும் ஒதுங்குவது போல, அவர்களது அழைப்பு வந்தால் எங்கள் வீடியோவும் பாட்டும் ஒதுங்க வேண்டும். நெரிசல் மிஞ்சினால் எங்கள் அழைப்பைத் துண்டித்தாவது அவர்களுக்கு இடம் கொடுக்கிற ஏற்பாடும் இருக்கிறது. சாதாரண நாட்களில் அந்த இடத்தை எல்லோரும் பாவிக்கலாம்.

ஆனால் முன்னுரிமை என்பது கோபுரம் உயிரோடு இருந்தால்தான். எங்கள் பகுதியை வைத்து யோசித்தால் திட்டம் போடுகிறவர்கள் பார்க்க வேண்டியவை இவை என்று எனக்குப் படுகிறது.

முதலாவது கரண்ட். சாதாரணக் கோபுரத்தின் பெட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். எல்லாக் கோபுரத்துக்கும் முடியாவிட்டால், ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் முக்கியமான ஓரிரண்டுக்காவது நாட்கணக்கில் தாங்கும் பெட்டரியும் சூரியத் தகடும் ஜெனரேட்டரும் வேண்டும். வீதி மூடிய பிறகு டீசல் கொண்டுபோக முடியாது, முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இரண்டாவது பாதை. கோபுரம் தனியாக நின்று பிரயோசனமில்லை, அதிலிருந்து செய்தி வெளியே போக வேண்டும். போகிற பைபர் கேபிள் வீதியோரமாகத்தான் போகிறது. வீதி சரிந்தால் கேபிளும் சரியும். கண்டியிலிருந்து எங்கள் பக்கம் வருகிறவர்கள் தென்னக்கும்புர பாலத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வழியால் வந்தால் ஒரே அடியில் எல்லாம் போகும். மலைக்கு மலை நுண்ணலை இணைப்பு, அதுவும் போனால் செய்மதி என்று மாற்று வழி வேண்டும். 2020 நத்தார் தினத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் குண்டு வெடித்து ஒரு தொலைத்தொடர்புக் கட்டடம் பழுதானபோது, அவ்வளவு செலவழித்துக் கட்டிய பர்ஸ்ட்நெட்டும் அந்தப் பகுதியில் தடைப்பட்டது. பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அது பாடம்.

மூன்றாவது, வாகனத்தில் ஏற்றிய நடமாடும் கோபுரம். புயல் வந்த பிறகு கொழும்பிலிருந்து புறப்பட்டால் அது கடுகண்ணாவையில் நிற்கும். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே மலையின் இந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும்.

நான்காவது, கோபுரமே இல்லாவிட்டாலும் செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசும் வசதி. பழைய வோக்கிடோக்கியில் இருக்கிற இந்த நல்ல குணத்தை, புதியது வருகிறது என்று தூக்கிப்போடக் கூடாது. 2004 சுனாமியில் ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு முதலில் தொடர்பு ஏற்படுத்தியவர்களில் அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருந்தார்கள். சிற்றலையும் ஒரு பெட்டரியும் போதுமாக இருந்தது.

ஐந்தாவது மொழி. எவ்வளவு நல்ல வலையமைப்பு இருந்தாலும், மறுமுனையில் தமிழ் விளங்கும் ஒருவர் இல்லாவிட்டால் எங்கள் வயதான தாய்மாருக்கும் தோட்டத்துச் சகோதரர்களுக்கும் அது ஊமைப் போன்தான். பதற்றத்தில் யாருக்கும் இரண்டாம் மொழி வாயில் வராது.

ஆறாவது, எனக்கு முக்கியமானது. அந்தச் செட் யார் கையில் இருக்கும்? டித்வாவில் எங்கள் பக்கம் முதலில் ஓடி வந்தவர்கள் சீருடைக்காரர் அல்ல. மண்வெட்டியோடு வந்த பள்ளிவாசல் இளைஞர்கள், விகாரை இளைஞர் சங்கம், தோட்டத்துத் தலைவர், த்ரீவீல் ஐயா. உலகத்தில் எங்கேயும் முதலில் வருவது அயலவன்தான். அவனை இந்த வலையில் சேர்க்காத திட்டம் அரைத் திட்டம்.

இங்கேதான் திகனக்காரர்களுக்கு ஒரு தயக்கம் வரும். சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது.

2018 மார்ச் 5ஆம் திகதி எங்கள் ஊரில் சிக்னல் நன்றாக இருந்தது. கரண்டும் இருந்தது. அழைப்பு எடுத்தவர்களுக்குப் பதிலும் கிடைத்தது. ஆட்கள் வந்து சேரத்தான் நேரமெடுத்தது. அதற்குள் கடைகள், வீடுகள், பள்ளிகள் எரிந்துவிட்டன, ஓர் இளைஞரின் உயிரும் போனது. மறுநாள் அவசரகாலச் சட்டம். 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கப்பட்டன. ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வந்தன. வெறுப்பு பரவியதைத் தடுக்கத்தான் முடக்கினார்கள் என்பது உண்மை. பேஸ்புக் நிறுவனமே 2020 மே மாதம் தனது தளம் பாவிக்கப்பட்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள், அடுத்த தெருவில் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று வட்ஸ்அப்பில் கேட்க வழியில்லாமல் இருந்தார்கள். நெருப்பை மூட்டியவனின் வாயோடு, தண்ணீர் கேட்டவளின் வாயும் மூடப்பட்டது.

அதனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. இப்போது எங்கள் வலையை மூடினால் அரசு உத்தியோகத்தரின் வட்ஸ்அப்பும் சேர்ந்துதான் மூடும். அந்தச் சங்கடம் அவர்களுக்கு ஒரு கடிவாளம். தனி வலை வந்துவிட்டால் மக்களுடையதை மூடுவது இன்னும் இலேசாகிவிடாதா? வேண்டாம் என்று சொல்ல இது காரணமாகாது. வரும்போதே நிபந்தனையோடு வர வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம். மக்களின் தொடர்பை முடக்குவதற்கு எழுத்தில் காரணமும் கால எல்லையும், பிறகு நீதிமன்றம் பார்க்கும் வழியும் வேண்டும். அவசர எண்கள் எந்த நிலையிலும் மூடப்படக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்படியான வலையில் எல்லாம் பதிவாகும். எத்தனை மணிக்கு உதவி கேட்கப்பட்டது, யாருக்குப் போனது, வாகனம் எப்போது புறப்பட்டது, எந்த வீதியில் நின்றது. 2018இல் அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், இத்தனை வருடம் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். அந்தப் பதிவு அழிக்கப்படாமல், சுயாதீனமான ஒருவர் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். தனது கடமையைச் சரியாகச் செய்த பொலிஸ்காரரையும் அது காப்பாற்றும்.

செட்டைப் பள்ளிவாசலில் வைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் எப்படிப் பார்க்கப்பட்டோம் என்பது தெரியும். அனுமதிப்பத்திரத்தோடு வைத்தாலும், நாளை ஒரு தொலைக்காட்சி அதைச் செய்தியாக்கும். அதற்காக வேண்டாம் என்று ஒதுங்குவதா? என் அபிப்பிராயம் வேறு. கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஒரு குழு. அதில் பள்ளி, விகாரை, கோயில், தேவாலயம், தோட்டம், பாடசாலை என்று எல்லாத் தரப்பும். செட் பாடசாலையில், கையொப்பமிட்ட புத்தகத்தோடு. மாதத்துக்கு ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் பேசிப் பார்க்க வேண்டும். ஒளிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. 2018இல் தங்கள் வீட்டில் எங்களை ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்கள் இன்றும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களும் நாங்களும் ஒரே செட்டில் பேசுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு அவசரமும் இருக்கிறது. பக்கத்தில் 122 மீட்டர் உயரமான விக்டோரியா அணை, நாட்டிலேயே உயரமானது. 2020 ஆகஸ்ட் இறுதியில் எங்கள் பகுதியில் நிலம் அதிர்ந்தது யாருக்கும் மறந்திருக்காது. சுற்றிவர மண்சரிவு அபாயமுள்ள மலைகள். தீயணைப்பு வாகனம் வர வேண்டுமானால் கண்டி மாநகரிலிருந்து வர வேண்டும். பயப்படுத்த எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் தீ ஒத்திகை செய்வது தீ வரும் என்பதற்காக அல்ல.

கொழும்பில் அலைவரிசை பிரிப்பது எங்கள் கையில் இல்லை. கையில் இருப்பதை எழுதுகிறேன்.

ஒன்று, குண்டசாலை பிரதேச சபை உறுப்பினர்களிடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் எல்லாச் சமூகமும் கையொப்பமிட்ட ஒரே கடிதம். டித்வாவின்போது எந்தக் கோபுரம் எத்தனை மணிக்கு நின்றது, எப்போது திரும்ப வந்தது என்பதைப் பிரதேசவாரியாக வெளியிடச் சொல்லிக் கேட்போம். தெரியாததைத் திருத்த முடியாது.

இரண்டு, ஒவ்வொரு தெருவிலும் சிக்னல் கடைசிவரை எங்கே இருந்தது, எந்த மேட்டில் கிடைத்தது என்று ஒரு வரைபடம். என் தரம் 10 பிள்ளைகள் இதைச் செய்யத் தயார். உங்கள் ஞாபகத்தை மட்டும் தாருங்கள்.

மூன்று, பள்ளி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஸதக்கா சேகரிப்பில் ஒரு பங்கை, எல்லா இனத்தவரும் போன் சார்ஜ் பண்ணக்கூடிய சூரியத் தகடு, பெட்டரிக்கு ஒதுக்குங்கள்.

நான்கு, ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி அனுமதி எடுக்க நான்கைந்து இளைஞர்கள் வர வேண்டும். சிங்களம், தமிழ் இரண்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. பாடத்தை விளங்கப்படுத்த நான் இருக்கிறேன். பெண் பிள்ளைகளும் வரலாம், வர வேண்டும்.

விருப்பமுள்ளவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். மின்பொறியியல் படித்தவர்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வேலை செய்கிற எமது பிள்ளைகள் இருந்தால், நான் எழுதியதில் திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். சிங்களத்தில் மொழிபெயர்த்துப் போட யாராவது முன்வந்தால் பெரிய உதவி. இந்தப் பதிவு எங்களுக்குள் மட்டும் சுற்றக் கூடாது.

அல்லாஹ் எமது ஊரையும் இந்த நாட்டையும் இங்கே வாழும் எல்லா மக்களையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.